ஒன்பதாவது கல்

கடப்பாரை பால்சாமியின் தோளில் இறங்கியபோது ஈர மூங்கில் முறிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஞானம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இது மூன்றாவது அடி. அடிப்பது அவளுடைய நைனா அமிர்தசாமி.

“என் மண்ணுல குந்த வச்சேன்டா அவன! உன் கோட்ட நம்பிக் குந்த வச்சேன்!”

பால்சாமி சேற்றில் கையூன்றி எழப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ உதைத்தார்கள். முகம் சேற்றில் புதைந்தது.

பத்தடி தள்ளி, இளையபெருமாளின் குடிசை இருந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை அளவுக்கு ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் ஐப்பசி மழையில் அடிமண் கரைந்து, விடிகிற நேரத்தில் குன்றிலிருந்து இறங்கி வந்துவிட்டது. அதன் அடியில் மாட்டிக்கொண்ட இளையபெருமாளை நெம்பி எடுக்கத்தான் ஆட்கள் கடப்பாரைகளோடு ஓடிவந்தார்கள். எடுத்தபோது உயிர் இல்லை. இடுப்புக்குக் கீழே பார்க்க முடியாமல் கோணியைப் போட்டு மூடினார்கள். அப்புறம் கடப்பாரைகள் பால்சாமியைத் தேடிக்கொண்டு போயின.

“அவன் ஊடு மட்டும் ரோட்டாண்ட பத்திரமா இருக்குது பாரு!” என்று கத்தினான் கூட்டத்தில் நின்ற விநாயகம். “பொறுக்கிப் பொறுக்கி சோம்பேறிக் கல்லா உருட்டனான். கோடு குன்னுக்குக் கிட்டயே வுழட்டும்னு!”

“போடு அவன!”

அந்தக் கோட்டைப் போன சித்திரையில் போட்டார்கள். முந்தைய மழைக்கு இதே குன்றிலிருந்து விழுந்த ஒரு பாறை நாலு ஆடுகளை நசுக்கியிருந்தது. ஊரின் இரண்டு தெருக்காரர்களும் மாதா கோயில் வாசலில் கூடி, எங்கே வீடு இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்று பொழுது சாயும்வரை பேசினார்கள். கல்லுடைக்கிற பால்சாமிதான் கடைசியில் எழுந்தார்.

“வாயால உருட்டி இன்னா ஆவப்போவுது? மேல ஏறி நெசமாவே உருட்டிப் பாப்போம். எந்தக் கல்லு ரொம்ப தூரம் ஓடுதோ, அதான் கோடு. உள்ள இருக்கறவன் காலி பண்ணிடணும். யாரா இருந்தாலும்.”

“கல்லுக்கே காது குத்திப் பேரு வச்சிடுவாரு போல” என்று இளையபெருமாள் சொன்னதும் கூட்டமே சிரித்தது.

பன்னிரண்டு கற்கள். கல் நிற்கிற இடத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு நம்பர் எழுத, எட்டாவது படிக்கிற ஞானத்தைக் கீழே நிறுத்தினார்கள். மற்ற எல்லோரையும் ரோட்டுப் பக்கம் விரட்டிவிட்டார்கள். மேலே இருந்த ஆண்களுக்குக் கள்ளிவேலியைத் தாண்டி எதுவும் தெரியாது. அவள் தன் வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லும் நின்ற பிறகு ஓடிப்போய் வட்டம் போட்டாள்.

எட்டுக் கற்கள் வேலியோரமே நின்றுவிட்டன. ஒன்பதாவது, பூசணிக்காய் அளவுதான் இருக்கும், வேலியைத் தாவி, மல்லாட்டைச் செடி காய்ந்து கிடந்த கொல்லையைக் கடந்து குதித்துக் குதித்து வந்து, அவள் ஒண்டியிருந்த சுவரில் மெல்ல முட்டி நின்றது.

தை மாதம்தான் ஓடு போட்ட வீடு. ஓட்டுக்காக அம்மா கழற்றிக் கொடுத்த கம்மலுக்குப் பதில் காதில் இன்னும் வேப்பங்குச்சி. யாரா இருந்தாலும் என்று பால்சாமி மாமா சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்லைக் குன்றுப் பக்கமாகக் காலால் தள்ளினாள். நகராதபோது குனிந்து புரட்டினாள். முப்பது தப்படி போனதும் நிறுத்தி, வந்த தடத்தைக் காலாலேயே கலைத்துவிட்டு, வட்டம் போட்டு ஒன்பது என்று எழுதினாள்.

மீதி மூன்று கல்லும் அதைத் தாண்டவில்லை. கோடு அங்கேயே நிலைத்தது. கோட்டுக்கு உள்ளே மாட்டிய இளையபெருமாளுக்குக் குடிசை போட வேறு இடமில்லை. “நம்ம ஊட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல எடம் சும்மாதான கெடக்குது, போட்டுக்கப்பா” என்று சொன்னவர் நைனாதான். குடிசைக்குக் கால் அவரே ஊன்றிக் கொடுத்தார்.

அதே நைனா இப்போது பால்சாமியின் வலது கையை மிதித்துக்கொண்டு நின்றார். கல்லுடைக்கிற கை.

“சொல்லுடா! ஏமாத்தினேன்னு சொல்லு!”

“நைனா, வுட்டுடு…” ஞானத்தின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கடப்பாரை விரல்கள் மேல் இறங்கியது. பால்சாமி அலறிய அலறலில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின. இரண்டு பேர் அமிர்தசாமியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உதறிக்கொண்டு மறுபடியும் ஓங்கினார். இந்தத் தடவை தலைக்கு.

“அமிர்தம்!” பால்சாமி ரத்தத்தைத் துப்பினார். “உருட்டனது நானு. கோடு போட்டது நான் இல்ல. உம்பொண்ணு. அந்தக் கொழந்தய கேளு. அது பொய் சொல்லாது. கல்லு அங்கதான் நின்னுச்சுன்னு அது சொல்லட்டும், அப்புறம் என்ன அடிச்சே கொல்லு.”

எல்லா முகங்களும் ஞானத்தின் பக்கம் திரும்பின. நைனாவும் திரும்பினார். மூச்சு வாங்கியது அவருக்கு. கடப்பாரை இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது. அதில் சேறும் ரத்தமும் கலந்து அவர் முழங்கை வழியாக வழிந்தது.

உண்மையைச் சொன்னால் பால்சாமி மாமா பிழைத்துக்கொள்வார். அந்தக் கடப்பாரை எங்கே இறங்கும்? நைனா மேலேயா? வீட்டு ஓட்டின் மேலேயா? தன் மேலேயா?

கோணியின் பக்கத்தில் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மீனம்பாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணில் கோபமே இல்லை.

“நீ சரியாத்தான போட்ட, பாப்பா?”