ஒரே வீட்டில் இரண்டு ராஜ்ஜியம்

நான்கு மாதங்களாக என் மாமியாரும் நானும் பெயரளவில் எதிரிகள். இணையத்தில் ஏழு பேர் ஆடும் பழங்காலப் போர் விளையாட்டு அது. அத்தைக்குக் கடலோரத்து அரசு. எனக்கு மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று. தினமும் மாலை ஆறு மணிக்குள் படைகளுக்கான உத்தரவை ஒவ்வொருவரும் ரகசியமாக அனுப்ப வேண்டும். நடுவரான மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறப்பார்.

அத்தை கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவர். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வீட்டில் கணினி ஒன்றுதான். அதனால் முதல் நாளே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: படை நகர்வு பற்றி வீட்டுக்குள் மூச்சு விடக் கூடாது, ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் சமையலறைக்குப் போய்விட வேண்டும். இவர்கள் சண்டையால்தான் கழுவாத பாத்திரம் சேராமல் இருக்கிறது என்பாள் என் மனைவி.

அத்தை முதலிடத்தைப் பிடித்த வாரம் புகார் வந்தது. கொடுத்தவர் இரண்டாமிடத்தில் இருந்த லாரி டிரைவர். ஒரே இணைய இணைப்பிலிருந்து இரண்டு அரசுகள். இதுவரை ஒருமுறைகூட மோதவில்லை. ஆகவே இரண்டையும் ஆடுவது ஒரே ஆள், அது நான். நடுவர் அத்தையிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். குரலை யார் வேண்டுமானாலும் இரவல் கொடுக்கலாம் என்றார் டிரைவர். வெள்ளிக்கிழமை தீர்ப்பு. புகார் உண்மையென்றால் இரண்டு அரசுகளும் நீக்கம்.

எனக்கு அது போனால் போகட்டும். நான் ஐந்தாமிடத்தைத் தாண்டியதே இல்லை. அத்தைக்கு அப்படியில்லை.

“இருபத்தெட்டு வருஷமா அடுத்தவங்க பேரைக் கேட்டுக் கேட்டு எழுதுறேன். இந்த ஒரு இடத்துலதான் என் பேருக்கு நாலு பேர் பயந்தாங்க. அதையும் நீங்க ஆடுனதுன்னுட்டாங்களே, மாப்பிள்ளை.”



வியாழக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் அத்தையைத் தாக்கினால் நாங்கள் இரண்டு பேர் என்பது தெரிந்துவிடும். அவர் எப்படியும் என்னை அடித்து விரட்டிவிடுவார். கோட்டைக்கு ஒரு காவலனைக்கூட விட்டுவைக்காமல், மொத்தப் படையையும் மலைப்பாதையில் அனுப்பிவிட்டு எழுந்தேன். அத்தை வந்து உட்கார்ந்தார். ஒப்பந்தப்படி இருவரும் வாய் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு நடுவர் திறந்தார். என் படை காவலே இல்லாத அத்தையின் தலைநகருக்குள் நின்றிருந்தது. அத்தையின் மொத்தப் படையும் கப்பலேறி வந்து, காவலே இல்லாத என் தலைநகருக்குள் நின்றிருந்தது. அதே யோசனை அவருக்கும் வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் நடுவர், ஆட்டக்காரர்களின் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். அதில் பாதி சிரிப்பு.

“ஒரே மூளை ரெண்டு பக்கமும் ஆடியிருந்தா இப்படி ஒரு கூத்து நடந்திருக்காதுங்க. ரெண்டு பேருதான். புகார் தள்ளுபடி.”

அத்தை அதை மூன்று முறை கேட்டார். பட்டியலில் நான்காமிடத்துக்கு இறங்கியிருந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

சற்று நேரத்தில் டிரைவர் அவருக்கு நேராகவே எழுதியிருந்தார்: தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுடுங்கக்கா. சரி, அடுத்து உங்க படை எந்தப் பக்கம் போகும்?

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். அத்தை என் கையை விலக்கினார்.

“விடுங்க. என்னைத்தானே கேட்டிருக்காரு.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தார்.