பெட்டி வாங்க இருபத்தேழு கேள்விகள்

மாதக் கடைசியோடு கேபிளை நிறுத்தப் போவதாகக் கேபிள்காரர் வந்து சொல்லிவிட்டுப் போன அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். டிவிக்குப் பின்னால் செருகி, இணையத்தில் வரும் படம், செய்தி, தொடர் எல்லாம் பார்க்கிற சின்னக் கருவி விற்கிறார்கள் அல்லவா, அதில் ஒன்றை வாங்கிவிட வேண்டியது. ஒரு சாயங்காலத்து வேலை. நான் பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள். சீட்டைப் பார்த்ததும் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். யோசித்துக்கொண்டு நின்றால் வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்டைப் பழுது பார்த்தால் மூன்று தடவை காலியாக ஓட்டி, மூன்று தடவை மணல் மூட்டை ஏற்றி ஓட்டி, அதற்கப்புறம்தான் ஆளை ஏற விடுவார். தொழிலில் அது சரி. ஆனால் மனிதர் செருப்பு வாங்கப் போனாலும் அதே கதைதான். கடைக்குள்ளேயே பத்து நடை நடந்து பார்ப்பார்.

"குச்சி மாதிரி ஒண்ணு இருக்கு, பெட்டி மாதிரி ஒண்ணு இருக்கு. குச்சி டிவி பின்னாடியே தொங்கும், சூடாகும். பெட்டி தனியா உக்காரும், ஆனா இன்னொரு வயர் வேணும்" என்று முதல் நாள் ஆரம்பித்தார்.

"பெட்டியே வாங்குங்க."

"அப்படி எடுத்தேன் கவுத்தேன்னு வாங்க முடியாதும்மா."

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், பாதியில் எழுந்து எச்சில் கையோடு டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். டேப்பை எடுத்துச் சுவருக்கும் டிவிக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அளப்பார். அளந்ததையே மறுநாளும் அளப்பார். வேலை விட்டு வந்ததும் கைகால் கூடக் கழுவாமல் போனை எடுத்து வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எதையோ எழுத்துக்கூட்டித் தட்டிக்கொண்டிருப்பார். தட்டிவிட்டு உட்கார முடியாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். திரும்பி வந்து போனைப் பார்ப்பார். மறுபடி நடப்பார். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

கடைக்கும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனையாளர் பாவம், சிரித்த முகமாகத்தான் வந்தார். ரிமோட் கீழே விழுந்தால் எத்தனை அடி வரை தாங்கும் என்று இவர் கேட்டார். உத்தரவாதம் எத்தனை வருடம், அது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். நெட் போய்ப்போய் வந்தால் கருவி என்ன செய்யும், மின்சாரம் நின்று வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுமா என்று கேட்டார். கடைசியில் அந்த மனிதர், "சார், நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். திரும்பி வரவே இல்லை.

இதையெல்லாம் சொல்கிறேனே, முக்கியமானதைச் சொல்லவில்லை. எங்கள் மகளுக்கு இதுதான் வேலை. எங்களுக்கு ஒரே பெண். அவள் இன்னொரு நகரத்தில் உட்கார்ந்து, இந்த மாதிரிக் கருவிகளை வாங்கிப் பிரித்து ஓட்டிப் பார்த்து, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, எங்கே எப்படி வாங்கலாம் என்று ஒரு இணையப் பக்கத்தில் எழுதிச் சம்பாதிக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியம். ஆனால் அவரும் அவளும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது.

காரணமும் இந்த வேலைதான். படிப்பு முடிந்ததும் அவர் தன் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, லிஃப்ட் கம்பெனி அலுவலகத்திலேயே அவளுக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். மூன்றே நாள். நாலாவது நாள் அவள் போகவில்லை, அந்த இணையப் பக்கத்துக்கு எழுதப் போகிறேன் என்றாள். "படிச்ச படிப்புக்கு ரிமோட்டுக்கு மார்க் போடற வேலையா? அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கத்தினார். என்னென்னமோ சொன்னார். அவளும் சளைத்தவளா? "இனிமே உங்ககிட்ட பேசினா ஏன்னு கேளுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைக் கூப்பிடுவாள். அவர் அப்போதுதான் மின்விசிறி சுவிட்சைச் சரி பார்க்கிற மாதிரி பக்கத்தில் வந்து நிற்பார். நான் போனை நீட்டினால், "எனக்கு எதுக்கு?" என்று நகர்ந்துவிடுவார். அந்தப் பக்கம் அவளும், "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாள். நடுவில் நான் எத்தனை நாள்தான் மிதிபடுவது? இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று இருந்தது எனக்கு. டிவி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன.

அதனால் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏங்க, உங்க பொண்ணுகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன? கிரீடமா இறங்கிடும்?"

"அவகிட்டயா? நானா?" முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எனக்கா தெரியாது? நானே பாத்துப்பேன்."

"பாத்துக்கிட்டே இருங்க. மாசம் முடியப் போகுது."

வெள்ளிக்கிழமை, கேபிள் நிற்க நாலு நாள்தான் இருந்தது. கடையில் அன்று கூட்டம், கால் கடுத்தது. வீட்டுக்கு வரும் வழியில், இவர் இன்றைக்கும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அதே கடைக்குப் போனேன். அதே விற்பனையாளர்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. "பயப்படாதீங்க, அவர் வரல" என்றேன். எதிரில் இருந்த பெட்டி ஒன்றைக் காட்டி எடுக்கச் சொன்னேன். உள்ளே போய் வெளியே வர ஐந்து நிமிடம்.

அவர் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"இந்தாங்க. முடிஞ்சுது கதை."

கத்துவார் என்று நினைத்தேன். என்னைக் கேக்காம ஏன் வாங்கினே என்பார், நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராக நின்றேன். அவரோ பேயறைந்த மாதிரி அந்தப் பெட்டியையே பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்கிட்டியா?" என்றார். "இனி அவகிட்ட நான் என்னத்தைக் கேப்பேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எவகிட்ட?"

போனைத் திறந்து என்னிடம் நீட்டினார். எங்கள் மகள் எழுதுகிற பக்கம். மேலே அவள் பெயர், சின்னதாகப் படம். எந்தக் கருவி யாருக்குப் பொருந்தும் என்று அவள் எழுதியிருந்தாள். அதன் கீழே வாசகர்கள் கேள்வி கேட்கிற இடம். 'மாடிவீட்டுக்காரர்' என்று ஒரு ஆசாமி வரிசையாகக் கேட்டிருந்தார். குச்சி சூடாகுமா? உத்தரவாதம் எழுத்தில் உண்டா? ரிமோட் எத்தனை அடியிலிருந்து விழலாம்? இருபத்தாறு கேள்வி. இருபத்தாறுக்கும் அவள் பதில் எழுதியிருந்தாள்.

"இதப் பாரு" என்று ஒரு இடத்தில் விரலை வைத்தார். "'நல்ல கேள்வி சார்'னு எழுதியிருக்கா. இந்த வீட்ல இருந்த வரைக்கும் நான் கேட்டது ஒண்ணையாவது நல்ல கேள்வின்னு சொல்லியிருக்காளா?" கொஞ்சம் கீழே தள்ளினார். "இங்க பாரு, அவளே ரிமோட்ட மூணு தடவ கீழ போட்டுப் பாத்துட்டு எழுதியிருக்கா. சும்மா மார்க் போடல. டெஸ்ட் பண்றா. நம்மள மாதிரியே டெஸ்ட் பண்றா."

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. இருபத்தைந்து நாளாக என் பிராணனை வாங்கியதெல்லாம் இதற்குத்தானா?

"இவ்வளவு கேட்டீங்களே, நான்தான் அப்பான்னு ஒரு வரி எழுதக் கூடாதா?"

"எழுதினா நிறுத்திடுவா" என்றார். "நீயும் சொல்லிடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்ல மாட்டேன் என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை பிடிவாதம் பிடித்த மனிதர், எப்படிக் கெஞ்சுகிறார். "வாங்கினா என்னங்க? மாட்டறதுல சந்தேகமே வராதா? கேளுங்க" என்றேன்.

"நான் மெக்கானிக்கும்மா" என்றார் வருத்தமாக. "மாட்டறதுல எனக்கென்ன சந்தேகம் வரும்?"

மறுநாள் காலை மாட்ட உட்கார்ந்தார். எங்கள் டிவி பழசு. வயர் செருகப் பின்னால் இரண்டே துளை. முதல் துளையில் கேபிள் பெட்டி இருந்தது. இரண்டாவதில் இதைச் செருகினார். ரிமோட்டை அழுத்தினார். கறுப்புத் திரை.

"கேபிளக் கழட்டிட்டு அந்த இடத்துல செருகுங்களேன்" என்றேன்.

"புதுசு ஓடி நிக்கற வரைக்கும் பழசுல கை வைக்கக் கூடாது. ஒரு லிஃப்ட நிறுத்திட்டுத்தான் இன்னொண்ண ஓட்டிப் பாப்பேன்னா, ஜனங்க மாடியேற வேண்டாமா?"

"இங்க யாரு மாடியேறப் போறா?"

கேட்கவில்லை. வயரை மாற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஊதினார். டிவியைக் குப்புறச் சாய்த்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை போராடினார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கடைசியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். இந்தத் தடவை நிஜமாகவே தெரியாமல் கேட்டார். முதல் துளையில் கேபிள், இரண்டாவதில் புதுப் பெட்டி, படம் வரவில்லை, என்ன செய்வது என்று எழுதினார்.

எப்போதும் ஒரு மணி நேரத்தில் பதில் வருமாம். அன்று வரவில்லை. சாயங்காலமும் இல்லை. நடந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். டிவியில் என்னவோ ஓடியது, அவர் கண் போனில்தான் இருந்தது. "சலிச்சுப் போயிருக்கும். இத்தனை கேட்டா யாருக்குத்தான் சலிக்காது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றார். நானே கூப்பிட்டுக் கேட்கலாமா என்று பார்த்தேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய போன் அடித்தது. என்னுடையது இல்லை, அவருடையது. திரையைப் பார்த்தவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். நான்தான் அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, அவர் கையிலேயே திரும்ப வைத்தேன்.

"அப்பா" என்றாள்.

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா? உத்தரவாதம் எழுத்துல இருக்கான்னு கேக்கற ஆள் ஊர்ல வேற யாரு? மூணாவது கேள்வியிலயே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா நிறுத்திடுவீங்கன்னு பேசாம இருந்தேன்."

அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"நேத்து கேட்டதுக்குத்தான் அங்க பதில் எழுத முடியல. நாலு பேர் படிக்கிற இடம். அந்த ரெண்டாவது ஓட்டை வேலை செய்யாதுப்பா. பன்னெண்டு வயசுல ஃபிரண்டோட கேம் பெட்டியக் கொண்டுவந்து மாட்டினேன். வயரத் தலைகீழா வச்சுத் திணிச்சு, உள்ள ஒடச்சுட்டேன். அப்ப அது புது டிவி. திட்டுவீங்கன்னு பயந்து இத்தனை வருஷமா சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கண்ணில் நீர் கரகரவென்று வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"திட்டுவேன்" என்றார். "திட்டாம விட்டுடுவேன்னு நெனச்சியா? போன்லல்லாம் திட்ட மாட்டேன். நேர்ல வா, திட்டறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"வெள்ளிக்கிழமை வரட்டுமாப்பா?" என்றாள்.