கைக்கு ஒரு நாள் லீவு

பலாபத்வல கறித்தூள் மில்லில் ஆயுதபூசை என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. அரவை இயந்திரம் முதல் கோணி ஊசி வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். பொட்டு வைத்த சாமானை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் முதலாளி சண்முகராஜா குதி குதியென்று குதிப்பார்.

இந்த வருஷ வம்பு, அங்கே வேலை செய்யும் பரிமளத்தின் வலது கையால் வந்தது.

அவளுடைய சொந்தக் கையை மூன்று வருஷத்துக்கு முன் இதே மில்லின் பெல்ட் இழுத்துக்கொண்டது. போன தை மாதம் கண்டியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, செயற்கை நுண்ணறிவுக் கை ஒன்றை மாட்டிவிட்டார்கள். தானாகவே கற்றுக்கொள்ளும் கை. ஆரம்பத்தில் தக்காளியையெல்லாம் நசுக்கித் தள்ளிய அந்தச் சனியன், இப்போது முட்டையைப் பூப்போல எடுக்கிறது. சில வேலைகளை அவள் நினைப்பதற்குள் முடித்தும் விடுகிறது. பார்க்கும்போதெல்லாம் பரிமளத்துக்குப் புல்லரிக்கும்.

"கைய கழட்டி வரிசைல வை புள்ள. அதுவும் உழைச்சிச்சுல்ல? அதுக்கும் இன்னைக்கு லீவு" என்றார் சண்முகராஜா.

"நல்லாருக்கே! அப்ப நான் எதக் கொண்டு கும்பிடுறது? மூணு வருஷமா ஒத்தக் கைய நெஞ்சுல வச்சுக் கும்பிட்டேன். இந்தப் பூசைக்காவது ரெண்டு கையும் சேத்துக் கும்பிடணும்னு கெடக்குறேன். உங்க கைய கழட்டி வைங்க பாப்பம் மொதலாளி!"

பக்கத்து மேசையில் தூள் பொதி கட்டும் கைறுன்னிஸா சும்மா இருப்பாளா? "சண்ட எதுக்கு? கையெண்டா போட்டுக்கோங்க. சாமானெண்டா கழட்டி வைங்க. ரெண்டுல ஒண்ட சொல்லுங்களே."

அதுதானே பரிமளத்துக்குச் சொல்ல வரவில்லை! சாமான் என்று சொல்ல நாக்கு கூசியது. என் கை என்று அடித்துச் சொன்னாலோ, முணுமுணுக்காமல் உழைத்த ஒன்றின் லீவைப் பிடுங்கித் தின்றதாகிவிடும். லீவுக்காக இதே முதலாளியோடு எத்தனையோ முறை மல்லுக்கட்டியவள் அவள். மனசு கேட்கவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு கழற்றினாள். தராசுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, புறங்கையில் பொட்டு வைத்தாள். விரல்கள் தளர்ந்து மடங்கியிருந்தன.

சண்முகராஜா கற்பூரம் ஏற்றி மணியை ஆட்டினார்.

விரல்கள் அசைந்தன.

ஒருவரும் தொடவில்லை. ஒவ்வொரு விரலாக நிமிர்ந்து, ஒன்றையொன்று நெருங்கி, கடைசியில் கட்டைவிரலும் வந்து ஒட்டிக்கொண்டது. தினமும் சாமிப் படத்துக்கு மணியடிக்கும்போது பரிமளம் அதைக் கும்பிடப் பழக்கியிருந்தாள். ஒரு நாளாவது அந்த விரல்கள் ஒழுங்காகச் சேர்ந்ததில்லை. இன்று அவள் இல்லாமலே சேர்ந்தன.

"அட முருகா! லீவு குடுத்தும் வேல செய்யுதே!" என்றார் சண்முகராஜா.

"வேல இல்ல மொதலாளி. கும்பிடுது."

சொல்லிக்கொண்டே பரிமளம் போய்த் தரையில் மண்டியிட்டு, தன் இடது உள்ளங்கையை அதனோடு சேர்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கைறுன்னிஸா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கற்பூரத் தட்டை இயந்திரங்களுக்குச் சுற்றிக் காட்டுவதும், ஆட்களுக்குத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நீட்டுவதும்தான் வழக்கம். வரிசையாகச் சுற்றிக்கொண்டே வந்த சண்முகராஜா, கைக்கு முன்னால் நின்றார். தட்டைச் சுற்றவில்லை. நீட்டினார்.