மோதிர விரல்

வியாழக்கிழமை காலை மாணவர்கள் தங்கும் கீழ்வீட்டின் வெந்நீர்க் கொதிகலன் வெடித்தபோது எல்டன் ஃப்ரை முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். பாதிக் கன்னத்தில் நுரையோடு நிலவறைக்கு ஓடினான். யாருக்கும் அடியில்லை. ஆனால் நிலவறைச் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. சமையலறைத் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மதியத்துக்குள் நகராட்சி ஆள் வந்து வாசல் கதவில் பலகை அடித்துவிட்டுப் போனான். உள்ளே யாரும் தங்கக் கூடாதாம்.

மாலையில் கார்வெல் கல்லூரியின் டீன் எல்டனைக் கூப்பிட்டனுப்பினார்.

"வீடில்லாத சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாதுன்னு விதி இருக்கே தம்பி. திங்கட்கிழமைக்குள்ள எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கற மாதிரி ஒரு இடம் பாருங்க. இல்லேன்னா ஆளுக்கொரு விடுதியில போட்டுட்டு, சங்கத்தோட பேரை எடுத்துட வேண்டியதுதான். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் அந்த மாணவர் சங்கத்தின் முழுப் பெயர் ரோ ஸை ஈட்டா. அந்தக் கிரேக்க எழுத்துகளைத் தபால்காரர்கூடச் சொல்லமாட்டார். மேட்டில் ஏறும் ஹில் தெருவின் அடியில் இருந்ததால் கீழ்வீடு. அதே தெருவின் உச்சியில் இருந்த ஸீட்டா ஒமிக்ரான் மியூ, மேல்வீடு. மேல்வீட்டில் தூண்கள், பளபளக்கும் கார்கள், செனட்டர்களின் பிள்ளைகள். கீழ்வீட்டில் ஒன்பதே பேர். எல்லாரும் பண்ணை வீட்டுப் பையன்கள், கடைக்காரர் வீட்டுப் பையன்கள்.

எல்டன்தான் கீழ்வீட்டின் தலைவன். அவனை வளர்த்த மாமா போன வருஷம் இறந்துவிட்டார், பண்ணையும் கைமாறிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஊருக்குப் போனபோது அவன் மட்டும் கீழ்வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். மறுநாளே கீழ்வீட்டு நண்பன் நார்ம் பீட்ரி திரும்பி வந்தான். "எங்கம்மா சமையல் சகிக்கலைடா" என்றான். கையில் அந்த அம்மா சுட்ட ஒரு முழு வான்கோழி இருந்தது. அப்படிப்பட்ட ஒரு வீடு தன் காலத்தில் அழிவதை எல்டனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஊரைச் சுற்றினார்கள். ஒன்பது பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் இருந்தது ஒரே ஒரு கூரையின் கீழ்தான். மேல்வீட்டின் மூன்றாம் மாடி ஆளில்லாமல் கிடந்தது.

"அங்க போய்க் கேக்கறதுக்குப் பதிலா நான் ஆத்தங்கரையில கூடாரம் போட்டுக்கறேன்" என்றான் நார்ம்.

"நீ கூடாரத்துக்குள்ள கொள்ளமாட்டே. வா."

சனிக்கிழமை காலை இருவரும் கோட்டுப் போட்டு, டை கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். கீழ்வீட்டான் ஒருவன் மேல்வீட்டு வாசலைத் தாண்டி நூறு வருஷம் ஆகியிருக்கும். இரண்டு வீட்டுக்கும் பகை அவ்வளவு பழையது. மேல்வீட்டைத் தொடங்கிய மூன்று நண்பர்களில் ஒருவர் ஏமஸ் ப்ரூவர். அவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, மேட்டை விட்டிறங்கிக் கீழ்வீட்டைத் தொடங்கினார். ஏன் கோபம் என்பதற்கு ஆளுக்கொரு கதை. சங்கத்து முத்திரையைத் திருடினார் என்பார்கள் மேல்வீட்டார். அவருடைய அப்பாவின் மர அறுப்பு ஆலையைக் கேலி செய்தார்கள் என்பார்கள் கீழ்வீட்டார். ஒன்று மட்டும் நிச்சயம். மேல்வீட்டாரோடு எந்நாளும் கை குலுக்கக் கூடாது என்பது ப்ரூவர் போட்ட கட்டளை. மேல்வீட்டாரும் பதிலுக்கு அதையே வைத்துக்கொண்டார்கள். பந்தயத்தில் மோதிக்கொள்வார்கள், முடிந்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் பிரிந்து போவார்கள்.

மேல்வீட்டுத் தலைவன் ரோலண்ட் ஸ்டாக்டன் முகப்பில் ஊஞ்சல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"என்னப்பா, வெந்நீர் கேட்டு வந்தீங்களா?"

"இடம் கேட்டு வந்தோம்" என்றான் எல்டன். "மூணாவது மாடி. ஜூன் வரைக்கும். நாங்களே கூட்டிப் பெருக்கிக்கறோம். உங்க வழிக்கே வரமாட்டோம்."

ரோலண்ட் கொஞ்சம் யோசித்தான். அவனும் கல்நெஞ்சக்காரன் அல்ல. ஆனால் உள்ளே ஜன்னல் ஓரமாகப் பத்துப் பதினைந்து காதுகள் இருந்தன.

"தரலாம். உங்க பேர்ப்பலகையில 'கார்வெலின் முதல் சங்கம்'னு போட்டிருக்கு பாரு, அதை அழிச்சிட்டு 'இரண்டாவது'ன்னு எழுது. எழுதி அதை எங்க வாசல்ல மாட்டு."

"உங்களுக்கு முந்தியே எங்களுக்குத்தான் கல்லூரி அங்கீகாரப் பட்டயம் கொடுத்தது."

"எங்க வீட்டை விட்டு ஓடிப்போனவன் எங்களுக்கு முந்தி எப்படிப்பா பொறந்தான்?"

"மூணு வருஷம் பட்டயமே வாங்காம தூங்கினது உங்க தப்பு" என்றான் நார்ம். "இப்பவும் பாதி பேரு தூங்கிட்டுத்தான் இருக்கீங்க. மணி பத்தாகுது."

ஜன்னலுக்குள் யாரோ சிரித்தார்கள். ரோலண்டின் முகம் சிவந்தது. "அப்போ ஆத்தங்கரைதான்" என்று எழுந்தான்.

எல்டன் படியிலேயே நின்றான். ஒரு சொல்லை அழித்து எழுதினால் எட்டுப் பேருக்கு வீடு கிடைக்கும். எழுதிவிட்டுப் போய் அந்த எட்டுப் பேரின் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்த நேரத்தில்தான் மிஸஸ் கெம்ப் வெளியே வந்தார். மேல்வீட்டுப் பையன்களை மேய்ப்பதற்காகக் கல்லூரி அமர்த்தியிருந்த வீட்டம்மா அவர். கெண்டக்கி மாநிலத்துக்காரர், கணவரை இழந்தவர். கையில் ஒரு தட்டு, அதில் சூடான ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரம்.

"யாரு இந்தப் புள்ளைங்க? வாசல்ல நிக்க வெச்சே பேசறே?"

"கீழ்வீட்டாளுங்க, மிஸஸ் கெம்ப். கெளம்பிட்டாங்க."

"பை சூடா இருக்கறப்ப என் வாசல்ல இருந்து யாரும் கெளம்பினதில்ல. கை குலுக்கிட்டு உள்ள கூட்டிட்டு வா."

"அது வழக்கமில்லம்மா. நாங்க கை குலுக்கறதில்ல."

"எங்க ஊர்ல அதுக்குப் பேரு வழக்கமில்ல, திமிரு. ரெண்டு பேரும் குலுக்குங்க. இல்லேன்னா இன்னிக்கு இந்த வீட்ல யாருக்கும் பை கிடையாது."

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. ரோலண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினான். எல்டனும் நீட்டினான்.

இரண்டு இரவாகத் தூக்கமில்லாதவன். கோட்டும் டையும் போட்டால் தன் சங்கத்தாரோடு ஒரே விதமாகக் கை குலுக்கி மூன்று வருஷம் பழகியவன். விரல்கள் அவனைக் கேட்கவில்லை. மோதிர விரல் தானாக மடங்கி உள்ளங்கைக்குள் ஒடுங்கியது. ரோ ஸை ஈட்டாவின் ரகசியக் கைப்பிடி அது. வெளியாளுக்குக் காட்டினவனைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது பிரமாணம்.

ஐயோ என்று கையை இழுக்கப் போனவன் அப்படியே நின்றான். ரோலண்டின் மோதிர விரலும் மடங்கியிருந்தது.

இருவரும் அடுப்பைத் தொட்டவர்கள்போலக் கையை உதறினார்கள்.

"இது எங்களோடது!" என்றான் ரோலண்ட்.

"எங்களோடது!" என்றான் எல்டன்.

"அடப்பாவி எல்டன், கைப்பிடியைக் காட்டிட்டியா?" என்று நார்ம் தலையில் கை வைத்தான்.

"திருட்டுப் பசங்களா!" ரோலண்டுக்கு மூச்சு வாங்கியது. "இந்த வீட்லேருந்து ஒரு துரும்பைக்கூட எடுத்துட்டுப் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனான்யா உங்க ப்ரூவர். கைப்பிடியவே திருடிட்டுப் போயிருக்கான். உள்ள வா, காட்டறேன்!"

கோபத்தில் எல்டனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே போனான். கீழ்வீட்டான் வாசலைத் தாண்டியதை அப்போது யாருமே கவனிக்கவில்லை. மிஸஸ் கெம்ப் மட்டும் திருப்தியோடு பையைப் பின்னால் கொண்டுவந்தார்.

கணப்பு அடுப்புக்கு மேலே ஒரு பழைய புகைப்படம். மேல்வீட்டைத் தொடங்கிய மூன்று இளைஞர்கள், நீள அங்கியில். நடுவில் ஹைரம் கோல்பி, மேல்வீட்டார் தினமும் வணங்காத குறையாகப் பார்க்கும் முகம். ஓரத்தில் இருந்தவனுக்கு முகமே இல்லை. கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அவனுடைய கை கோல்பியின் தோளில் அப்படியே இருந்தது.

"இதான் உங்க ப்ரூவர். ஏன் மூஞ்சியை வெட்டினோம் தெரியுமா? கையைப் பாரு. விரலை மடக்கிக்கிட்டு, ரகசியச் சைகையைப் படம் எடுக்கறவனுக்கே காட்டறான். அன்னிக்கே துரோகி!"

எல்டன் பார்த்தான். கிட்டே போய்ப் பார்த்தான். பிறகு அடுப்புத் திண்டில் கை ஊன்றி, மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குப் பார்த்தான்.

"நார்ம், இங்க வா. என் தோள்ல கையை வை. மோதிர விரலை மட்டும் மடக்கு."

நார்ம் வைத்தான். மடக்கினான். சுண்டுவிரலும் சேர்ந்து குனிந்தது.

"சுண்டுவிரலை நேரா வைடா."

"வரமாட்டேங்குதே. ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி சேர்ந்தே போகுது."

சுற்றி நின்ற மேல்வீட்டார் ஒவ்வொருவராக அடுத்தவன் தோளில் கை வைத்து மடக்கிப் பார்த்தார்கள். எல்லார் சுண்டுவிரலும் கூடவே குனிந்தது. படத்தில் இருந்த கையில் சுண்டுவிரல் குச்சிபோல் நேராக நின்றது.

"அவரு மடக்கலை" என்றான் எல்டன் மெதுவாக. "அங்க விரலே இல்ல. சோளம் அறுக்கற மெஷின்ல எங்க மாமாவுக்கு இப்படித்தான் போச்சு. சின்ன வயசுலேருந்து இந்த மாதிரிக் கையைப் பிடிச்சுத்தான் ரோடு தாண்டியிருக்கேன். மர ஆலையில வளந்தவருப்பா ப்ரூவர். எங்க வீட்ல இருக்கற படத்துல கையைக் கோட்டுக்குள்ள விட்டுட்டு நிப்பாரு. ஏதோ நெப்போலியன்னு நெனப்புன்னு நாங்க சிரிப்போம்."

ரோலண்ட் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ கோல்பி..."

"கை குலுக்கறப்ப சிநேகிதனுக்கு ஒரு விரல் குறையுது. அவனுக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு மத்தவங்களும் ஒண்ணை மடக்கிக்கிட்டாங்க. அதுதான் உங்க ரகசியம். எங்க ரகசியமும் அதான்."

"மடக்கின விரலுக்கு அர்த்தம் வாக்கை உள்ளே காப்பதுன்னுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க" என்று முனகினான் ஒரு மேல்வீட்டான்.

"எங்களுக்கு அடக்கம்னு" என்றான் நார்ம். பிறகு ரோலண்டைப் பார்த்துக் கேட்டான். "திருடினாருன்னியே. தன் கையை ஒருத்தன் எப்படிய்யா திருடுவான்?"

ரோலண்ட் கண்ணாடிக்கு மேலாக அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தான்.

எல்டனுக்கு இன்னொன்றும் புரிந்தது. கை குலுக்காதே என்று ப்ரூவர் கட்டளை போட்டது வெறுப்பினால் இருக்காது. ஒருமுறை குலுக்கினால் போதும், சண்டை தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கோபம் ஆறுகிறவரைக்கும் என்று நினைத்திருப்பார். ஆறியதும் கட்டளையை நீக்க மறந்திருப்பார். இல்லை, மற்றவன் முதலில் வரட்டும் என்று அவரும் கோல்பியும் காத்திருந்திருப்பார்கள்.

ரோலண்ட் எல்டன் பக்கம் திரும்பினான். "உங்க பிரமாணத்துல கடைசி வரி என்ன?"

"அதைச் சொல்லக் கூடாது."

"நான் சொல்றேன், இருக்கான்னு பாரு. இந்தக் கைப்பிடியோடு வாசலில் நிற்பவனுக்குப் படுக்கையும் உணவும் மறுப்பதில்லை."

இருக்கிறது என்று எல்டன் தலையை ஆட்டினான்.

"பலகையில எதையும் அழிக்க வேணாம்" என்றான் ரோலண்ட். "வாசல்ல நின்னுட்டே. கையைக் குடுத்துட்டே. எங்க கையில இல்ல இனிமே. நான் டீனுக்கு போன் பண்றேன்." சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பிக் கத்தினான்: "டேய், மாடியில இருக்கற சைக்கிளையெல்லாம் எடுங்கடா!"

"அப்போ ரகசியத்தைக் காட்டினதுக்கு இவனை நீக்க வேணாமா?" என்று கேட்டான் நார்ம், வாய் நிறைய ஆப்பிளோடு.

"தெரிஞ்சவன்கிட்ட சொன்னா அது ரகசியத்தை உடைச்ச கணக்கா?" என்றான் ரோலண்ட். "அந்தத் தட்டைக் கீழ வை. எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வேணும்."

அன்று பிற்பகல் ஹில் தெருவில் மெத்தைகள் மேட்டில் ஏறின. ஒவ்வொரு மெத்தைக்கும் முன்னால் ஒரு கீழ்வீட்டான், பின்னால் ஒரு மேல்வீட்டான். தபால்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கடைசியாக எல்டன் ப்ரூவரின் படத்தைக் கொண்டுவந்தான். கணப்பு அடுப்புக்கு மேலே ரோலண்டே ஆணி அடித்தான். ஒரு படத்தில் முகம் இருந்தது, கை இல்லை. பக்கத்துப் படத்தில் கை இருந்தது, முகம் இல்லை. இரண்டையும் ஒட்டி மாட்டியதும் கோல்பியின் தோளில் கை போட்டிருந்தவர் ஒரு முழு மனிதராகிவிட்டார்.

"ஆனாலும் நாங்கதான் முதல்" என்றான் ரோலண்ட், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தூக்கத்துலயா?" என்றான் எல்டன்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதல்ல யாரு வரான்னு பாக்கறேன்" என்று சமையலறையிலிருந்து மிஸஸ் கெம்ப் குரல் கொடுத்தார். "ரெண்டு வீடும் கையைக் கழுவிட்டு வாங்க. அஞ்சு விரலையும்!"