அது பாட்டுக்கு ஓடட்டும்

மேசைக்கடியில் குனிந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கப்போன அண்ணனின் சட்டையை அம்மா பின்னாலிருந்து பற்றினாள்.

“இருடா. ஸ்கேன் ஓடிக்கிட்டு இருக்கு.”

“ஆஸ்பத்திரியில இருந்து அப்பாவைக் கொண்டு வந்துருவாங்கம்மா. கூடத்துல இடம் வேணும்.”

“அவர் ஆரம்பிச்ச வேலைதானே. முடியட்டும்.”

சின்னவள் திரையைப் பார்த்தாள். காலையில் அப்பா ஃபிலிம் துண்டு ஒன்றை ஸ்கேனரில் வைத்துவிட்டு, அந்தக் கிழட்டு யந்திரம் முடிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று திரையில் பக்கத்து ஜன்னலில் பழைய புகைப்படமொன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்தவர்தான். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“எடிட்டிங் புரோகிராமுக்குள்ளேயே ஸ்கேனரைத் திறந்தா ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். தனித்தனியா விட்டாத்தான் அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது” என்பார் அப்பா.

“நம்ம குடித்தனம் மாதிரியா?” என்பாள் அம்மா.

“ஒரு நாளாவது ஹேங் ஆச்சா, சொல்லு” என்பார்.

திரையில் ஸ்கூட்டர் பக்கத்தில் புது ஜோடி. குறுக்கே நீளமாக ஒரு கீறல். அம்மாவின் பக்கம் அது சுத்தமாகப் போய், முகம் பளிச்சென்றிருந்தது. அப்பாவின் நெற்றியில் மட்டும் அப்படியே இருந்தது.

“சுவத்துக்கு இதையே போடலாம்” என்றான் அண்ணன். “நெத்தியைத் துடைக்க ரெண்டு நிமிஷம்.”

“இதுல கை வைக்காதே. அப்படியே சேவ் பண்ணு. சுவத்துக்கு வேணும்னா காப்பி எடுத்துத் துடைச்சுக்கோ.”

“ஏம்மா?”

“தலை வாரிக்கோங்கன்னு நான்தான் சொல்லணும். அவர் பக்கத்தை அவர் எப்போ பாத்திருக்கார்?”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் சேவ் பண்ணினான்.

ஸ்கேனர் முனகி நின்றது. அடுத்த துண்டை வைக்கச் சொல்லித் திரையில் சிறு பெட்டி வந்தது. அண்ணன் மறுபடி குனிந்தான்.

அம்மா இழுப்பறையிலிருந்து அப்பாவின் வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். விரல் நுனிகள் காலியாகத் துவண்டன. ஃபிலிம் உறையிலிருந்து ஒரு துண்டை ஓரமாகப் பிடித்து உருவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“மேசையைச் சுவரோரமா நகத்துங்க. வயர் எட்டும்.”

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். பிறகு ஒரு பக்கம் பிடித்தான். சின்னவள் மறுபக்கம் பிடித்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றபோது, ஸ்கேனர் மூடிக்கடியில் வெளிச்சம் மெல்ல நகரத் தொடங்கியிருந்தது.