லூசு, குழாய் லூஸ்

என் கணவர் தளர்வான சட்டை அணிந்திருந்ததால் இறந்துபோனார் என்று ஒரு தாளில் எழுதியிருந்தார்கள். அந்தச் சட்டையை அவர் உடம்பில் வைத்து அளவெடுத்து, பிடித்துத் தைத்தவள் நான். எனக்குத் தையல்தான் தொழில். இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அடிபடுகிற ஆங்கிலச் சொல் லூஸ். முன்னறையில் என் தையல் மிஷின். வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லோடுதான் வருவார்கள். "இடுப்புல கொஞ்சம் லூஸ் வைங்கக்கா." "போன தடவை வச்ச லூஸ்ல இன்னொருத்தி குடித்தனம் பண்ணலாம், பிடிச்சுக் குடுங்க." கடையில் டீத்தூளை பாக்கெட்டில் வாங்காமல் லூஸில் வாங்குவோம். மகளுக்கு வயிறு சரியில்லை என்றால் லூஸ் மோஷன். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் லூஸ். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினால் நான் லூசு.

அவர் வேலை பார்த்தது அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். என்னை எழுப்ப மனசு வராது. சொல்ல வேண்டியதைத் துண்டுத் தாளில் எழுதி, என் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், "லூஸ். பாத்துக்கோ" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. பகலெல்லாம் பொருமிக்கொண்டிருந்தேன். இரண்டரை மணிக்கு அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"யாரு லூசு? உங்களைக் கட்டிக்கிட்டதுல மட்டும்தான் நான் லூசு."

அவர் குனிந்து தையல் மிஷினின் காலைப் பிடித்து ஆட்டினார். அது பல் மாதிரி ஆடியது.

"இத எழுதினேன்டி."

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். "இனிமே கடைசியில சு போட்டா நீ. ஸ் போட்டு மேல புள்ளி வச்சா நட்டு, போல்ட்டு. சரியா?"

"ஏன், எனக்கும் புள்ளி வைக்கிறது?"

"உனக்கு வச்சா நிக்கவா போகுது?"

எட்டாவதோடு பள்ளியை விட்டவர். ஆனால் எழுத்தில் கறார். அதற்குப் பிறகு எழுதிய ஒரு துண்டுத் தாளிலும் அவர் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. ஒருநாள் எழுதியது இது: "லூசு, குழாய் லூஸ். மெதுவாத் திற." அதைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிரிப்பு வந்தது, போட்டு வைத்தேன்.

தொழிற்சாலையில் அவருக்கு மூன்றாம் நம்பர் மிஷின். இரண்டு மணிக்கு அதே மிஷினை அவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறவர் அவரைவிட நாலைந்து வயது சின்னவர். மிஷினோடு பேசுகிறவர். "ராசா, இன்னைக்கு மக்கர் பண்ணிராத, எனக்குத் தலைவலி" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாராம். அதனால் தொழிற்சாலை முழுக்க அவருக்கு லூசு என்றே பெயர். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட வாசலில் நின்று, "அண்ணி, லூசு வந்திருக்கேன்" என்றுதான் குரல் கொடுப்பார்.

ஷிஃப்ட் மாறும்போது மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். சூப்பர்வைசர் அதைப் படித்து, ஃபிட்டரை அனுப்பிப் பழுது பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மிஷினின் மூடியைக் கழற்றிப் பார்க்க ஃபிட்டரைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி கிடையாது.

ஒரு சனிக்கிழமை அவருக்கு மிஷினின் சத்தம் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னார். மேல் ரோலரைத் தாங்குகிற நட்டு மூடிக்குள்ளே எங்கோ கழன்று ஆடுகிறது, நோட்டில் எழுதிவிட்டு வந்தேன் என்றார். மறுநாள் விடுமுறை. திங்கட்கிழமை ஆறு மணிக்குப் போனார். ஆறே காலுக்கு ரோலர் ஒரு பக்கம் இறங்கி, அவர் கையை இழுத்துக்கொண்டது. அதற்கு மேல் அதை என்னால் எழுத முடியாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் லூசு வந்தார். அன்றைக்கு வாசலில் குரல் கொடுக்கவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, செல்போனை என்னிடம் நீட்டினார். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தார். மூன்றே வரிகள்.

முதல் வரி என் கணவர் எழுதியது: "மூணாம் நம்பர் லூஸ். பாத்துக்கோ."

அதற்குக் கீழே சூப்பர்வைசரின் எழுத்தில்: "தெரிஞ்ச விஷயம்தான்." பக்கத்திலேயே அவருடைய கையெழுத்து.

மூன்றாவது வரி, திங்கட்கிழமை தேதி போட்டு, மறுபடி என் கணவர் எழுத்து: "சரி."

எனக்கு விளங்கவில்லை. லூசு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"என்னைத்தான் எழுதியிருக்காருன்னு சூப்பர்வைசர் நினைச்சிட்டாரு அண்ணி. ரெண்டு மணிக்கு மூணாம் நம்பருக்கு வர்ற லூசு நான்தானே. 'உங்க அண்ணனே உனக்கு சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டாருடா'ன்னு நோட்டத் தூக்கிக் காட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன். வாங்கி வாசிச்சிருக்கலாம் அண்ணி. எப்பவும் சொல்றதுதானேன்னு சிரிச்சுட்டுப் போயிட்டேன். அன்னைக்கி மிஷின் நல்லாத்தான் ஓடிச்சு. சத்தம்கூட எனக்குக் கேக்கல."

நான் அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் எழுதியது நக்கல். என் கணவர் திங்கட்கிழமை காலை அதைப் படித்தார். "தெரிஞ்ச விஷயம்தான்." பக்கத்தில் கையெழுத்து. ஃபிட்டர் வந்து பார்த்துவிட்டார் என்றுதானே எந்த மனிதனும் எடுத்துக்கொள்வான்? சரி என்று எழுதிவிட்டு சுவிட்சைப் போட்டார். நக்கலைப் பதில் என்று நம்பினார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

விசாரணை தொழிற்சாலை அலுவலகத்தின் மாடியில் ஒரு பகலில் நடந்தது. நீள மேசை, தண்ணீர் கிளாஸ்கள், யாரும் தொடாத பிஸ்கட். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். மரியாதையாகத்தான் பேசினார். மேனேஜர் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கையை வாசித்தார். "இறந்தவர் தளர்வான சட்டை அணிந்து கவனக்குறைவாக இயந்திரத்தை இயக்கியதே விபத்துக்குக் காரணம். இயந்திரத்தின் பழுது குறித்து முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை."

நோட்டைக் காட்டினார்கள். மேனேஜர் கையை விரித்தார்.

"சார், லூஸ்னா எத்தனை அர்த்தம் இருக்கு! சட்டை லூஸ், வயிறு லூஸ், ஆளு லூசு. எதைச் சொன்னாருன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வயிறு என்றதும் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். என் கணவர் போன விஷயத்தைப் பேசுகிற அறையில் அந்தச் சிரிப்பு கேட்டது. ரோலர் ஓடுகிற இடத்தில் வேலை பார்க்கிற மனிதருக்கு லூஸ் என்ற சொல்லின் எல்லா அர்த்தமும் தெரிந்திருக்கிறது, நட்டு கழன்றிருக்கிறது என்ற ஒரு அர்த்தம் மட்டும் தெரியவில்லையாம்.

லூசு எழுந்து சாட்சி சொன்னார். அண்ணன் எழுதியது மிஷினைப் பற்றித்தான் என்றார். மேனேஜர் அதிகாரி பக்கம் சாய்ந்தார்.

"சார், இவரை இங்க என்னன்னு கூப்பிடுவாங்கன்னு கேளுங்க."

அதிகாரி கேட்டார். அந்த மனிதர் எத்தனையோ வருடமாகச் சிரித்துக்கொண்டே சுமந்த பெயரைச் சொல்ல வாய் வராமல் நின்றார்.

"லூசுன்னு கூப்பிடுவாங்க சார்."

அதையும் எழுதிக்கொண்டார்கள். சாட்சி சக தொழிலாளர்களால் அவ்வாறு அறியப்படுபவர். நக்கலடித்தவர் சூப்பர்வைசராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நக்கலடிக்கப்பட்டவரின் சொல் செல்லாது. இதை எந்த ஊர் நியாயம் என்று சொல்வது?

என் முறை வந்தது. பையிலிருந்து அவருடைய இன்னொரு சட்டையை எடுத்து மேசையில் விரித்தேன். அன்றைக்கு அவர் போட்டிருந்ததும் இதுவும் ஒரே நாளில் நான் சரி செய்தவை. கம்பெனி கொடுத்தது எல்லாருக்கும் ஒரே அளவு, சாக்கு மாதிரி. கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து வைத்தேன்.

"அவருக்கு மார்பு முப்பத்தாறு சார். சட்டை முப்பத்தொன்பது. மூணு இஞ்ச் இல்லேன்னா கையத் தூக்க முடியாது. மணிக்கட்டு ஏழு, கஃப் ஏழரை. நீங்களே வச்சுப் பாருங்க. இந்த அரை இஞ்ச்லயா ரோலர் புகுந்துச்சு?"

அதிகாரி டேப்பை வாங்கி அளந்தார். பிறகு சூப்பர்வைசரின் சட்டைக் கையைப் பார்த்தார். அது தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அப்புறம் பொத்தான் டப்பாவைத் திறந்தேன். வேண்டாம் என்று முந்தின நாளே எனக்குள் சண்டை நடந்தது. அது எனக்கு எழுதியது. எனக்கு மட்டும். ஆனால் அவர் பேரை இவர்கள் கையில் விட்டுவிட்டு இந்தத் தாளை மட்டும் பத்திரமாக வைத்து என்ன செய்யப்போகிறேன்?

அதிகாரி சத்தமாகவே வாசித்தார். "லூசு, குழாய் லூஸ். மெதுவாத் திற."

"முதல்ல இருக்கிற லூசு நான் சார்," என்றேன். "ரெண்டாவது குழாய். சு போட்டா ஆளு, ஸ் போட்டா நட்டு. பதினோரு வருஷமா இப்படித்தான் எழுதினாரு. இப்ப நோட்டப் பாருங்க. என்ன போட்டிருக்கு?"

அவர் நோட்டையும் துண்டுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே ஸ், ஒரே அழுத்தமான புள்ளி.

சூப்பர்வைசர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "புருஷன் பொண்டாட்டி கொஞ்சிக்கிறதெல்லாம் எனக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரியாது," என்றேன். "நானும் ஒருதரம் தப்பாத்தான் படிச்சேன். ஆனா வந்ததும் கேட்டேன். உங்களுக்குக் கேக்கத் தோணலையா? சிரிக்கத் தோணுச்சே!"

அதிகாரி தண்ணீர் குடித்தார்.

மூன்று வாரம் கழித்து இறுதி அறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். லூசுவும் கூட வந்தார். சட்டையைப் பற்றிய வரி இல்லை. ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "இயந்திரத்தின் பழுது குறித்து இறந்தவர் எழுதிய குறிப்பின் வாசகம் தளர்வாக இருந்தபடியால், அது உரிய முறையில் புரிந்துகொள்ளப்படவில்லை."

தளர்வு எங்கேயும் போகவில்லை. சட்டையிலிருந்து கழற்றி அவர் எழுத்தில் மாட்டிவிட்டார்கள். நட்டைச் சரியாகச் சொன்னவரின் வார்த்தை தளர்வு. சிரித்தவரின் வார்த்தையைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு எழுத்து கிடையாது.

"படிச்சேன்னு கீழ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார் குமாஸ்தா.

பேனாவை வாங்கினேன். இப்படி எழுதினேன்: "மூன்றாம் நம்பர் மிஷினில் மேல் ரோலரைத் தாங்கும் நட்டு கழன்றிருந்தது. என் கணவர் அதை எழுதி வைத்தார். படிக்க வேண்டியவர் படித்துவிட்டுச் சிரித்தார்."

குமாஸ்தா எட்டிப் பார்த்துப் பதறினார். "ஐயோ, இதெல்லாம் எழுதக் கூடாதும்மா."

"இதுல எந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு? காட்டுங்க, அடிச்சுடறேன்."

அவர் திரும்பவும் படித்தார். காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. தாளை ஃபைலில் வைத்துக் கட்டினார். லூசு என் தோளுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார், "டைட்டா இருக்கு அண்ணி."

வெளியே வருவதற்கு முன் என் துண்டுத் தாளைக் கேட்டேன். அது இப்போது ஆவணம், ஃபைலோடுதான் இருக்கும் என்றார் குமாஸ்தா. எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். கடைசியில் இரக்கப்பட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். என் கணவர் எழுத்து சாம்பல் நிறத்தில் மங்கலாக விழுந்திருந்தது. ஸ் மேல் இருந்த புள்ளி விழவே இல்லை.

குமாஸ்தாவின் பேனா இன்னும் என் கையில் இருந்தது. ஜெராக்ஸை அங்கேயே மேசையில் விரித்து அந்தப் புள்ளியை வைத்தேன்.