டேங்க் கழுவியாச்சு

நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் பம்ப் செக்‌ஷன் போர்மேனாக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற மருதமுத்துவுக்கு, சொந்த ஊர்ப்பக்கமான தூத்துக்குடியில் கடல் வழியாகப் போய் இறங்க வேண்டும் என்று ஆசை வந்தது. ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனால் ரயிலில் வந்து இறங்குகிறவனை அண்ணன் தம்பிகள் ஏறிட்டுப் பார்ப்பார்களா? புதுச்சேரியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். படகைவிட அதன் எஞ்சினுக்கு வயது அதிகம். "எஞ்சின் என்னை நம்பியிருக்கு, நான் எஞ்சினை நம்பியிருக்கேன்" என்று குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்தார்.

"ரெண்டு பேருல யாரு முதல்ல நிப்பீகன்னுதான் தெரியல" என்றாள் மனைவி பேச்சியம்மாள். அவள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

படகைக் கடலூரில் கட்டிவிட்டு, எஞ்சினை மட்டும் டெம்போவில் ஏற்றி வந்து, நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் இறக்கினார். ஒரு மாதம், ஞாயிறுதோறும் பாவாடை வந்தார். அவர் மருதமுத்துவின் கீழ் பதினெட்டு வருடம் வேலை பார்த்த கான்ட்ராக்ட் தொழிலாளி. பிஸ்டன், நாசில், கேஸ்கெட் என்று எல்லாவற்றிலும் பாவாடையின் கை பட்டது. மருதமுத்து நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டில் எழுதிய ஒவ்வொரு வேலைக்கும் எதிரே டிக் போட்டுக் கையெழுத்திட்டார். மைன்ஸிலும் அவர் அப்படித்தான். டிக் போட்டால் வேலை முடிந்திருக்கும், ஒருநாளும் தவறியதில்லை. டிக்தான் வேலையைச் செய்கிறது என்று, பாவம், மனிதர் நம்பிவிட்டார்.

எஞ்சினைக் கடலூரில் ஆள் வைத்துப் படகில் மாட்டி, 2014 மாசியில் ஒரு காலை அங்கிருந்து கிளம்பினார்கள். பாய்க்குத் தேவனாம்பட்டினத்து மீனவர் ராமசாமி, எஞ்சினுக்கு மருதமுத்து. பரங்கிப்பேட்டைக்கு நேரே காற்று விழுந்தது, பாய் துவண்டது. மருதமுத்து கெத்தாகச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பத்து நிமிடம் ஓடி, இருமி, நின்றது. முகத்துவாரத்தில் அலை உடைகிற பக்கமாக நீரோட்டம் படகை இழுத்தது.

"அங்க மாட்டுனா படகு ரெண்டா பூடும் சார். சீக்கிரம் பாருங்க" என்றார் ராமசாமி.

"டீசல்ல கலப்படம்" என்றார் மருதமுத்து. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூடியைத் திறந்து குனிந்தார். ஓர் எஞ்சினை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்ததால் பாவாடைக்குப் போன் போட்டார்.

"டீசல் டேங்க் கழுவுனீங்களா சார்?"

"டிக் போட்டிருக்கேன்."

"யாரு சார் கழுவுனது? டேங்க் படகுலதானே இருந்துச்சி. நான் கடலூர் பக்கமே வரலியே."

யாரும் கழுவவில்லை. வருடக்கணக்காக அடியில் கிடந்த கசடு அலையில் கலங்கிப் பில்டரை அடைத்திருந்தது.

"நீ உடனே கிளம்பி வாயேன்" என்றார், கடலில் நிற்பதை மறந்து.

"ஷிப்ட்ல இருக்கேன் சார். புது போர்மேன் டிக் போட்டுட்டுப் பூட்டாரு, வேலை இனிமேதான். நீங்க கைய உள்ள வுடுங்க. நான் சொல்லிக்கினே இருக்கேன்."

பாவாடை சொல்லச் சொல்ல, மருதமுத்து பில்டரைக் கழற்றிக் கழுவினார். ஸ்க்ரூவைத் தளர்த்தி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார். டீசல் முழங்கை வரை வழிந்தது. இரண்டு தடவை தப்பான ஸ்க்ரூவைத் திருகித் திட்டும் வாங்கினார். அலைச் சத்தம் பக்கத்தில் கேட்ட நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மருதமுத்து அழுதே விட்டார்.

ராமசாமி படகை வெளிப்பக்கம் திருப்பினார். "தூத்துக்குடிதானே சார்?"

"வேண்டாம், பரங்கிப்பேட்டையில ஒதுக்குங்க. டேங்க் கழுவணும்."

"யாரு கழுவறது?"

"நான்தான்."

"கழுவத் தெரியுமா சார்?"

மருதமுத்து நோட்டை எடுத்து, டேங்குக்குப் போட்டிருந்த டிக்கைக் கோடிழுத்து அடித்தார். பிறகு மறுபடியும் போனை எடுத்தார்.

"வேலைய முடிச்சிட்டுக் கூப்பிடு பாவாடை" என்றார். "டேங்க் எப்படிக் கழுவறதுன்னு எனக்குத் தெரியாதுப்பா."